எண்ணிக்கையில் வராதவன்

அக்காவின் செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் கழுவும் தொட்டிக்குள் இருந்தன. காலையில் கடலுக்குள் போய்வந்தவர்களின் ரப்பர் உடைகளை உப்புப் போக நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. திரையில் அக்காவின் முகம் வந்து வந்து மறைந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு தொட்டேன். திறக்கவில்லை. இந்த டைவிங் கடைக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து என் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியே கிடக்கின்றன. போன் என்னை வேற்று ஆள் என்றே நினைக்கிறது. அதனால் வீட்டுக்கு எது அனுப்புவதானாலும் வாயால் சொல்லித்தான் எழுத வைப்பேன். மைக் படத்தை மூக்கு நுனியால் அழுத்துவேன். பார்க்கிறவர்கள் நான் போனை முத்தமிடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

அன்றும் மூக்கால் எண்களைத் தட்டித்தான் திறந்தேன்.

"டேய், நாளைக்கு சாயங்காலம் நானும் மாமாவும் நைட் டைவிங் போறோம். டூர்ல அதுவும் சேத்தியாம். உங்க மாமா என்னை ஒரு வார்த்தை கேக்காம பேரு குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. போன வருஷம் பகல்ல இறங்கி சர்டிபிகேட் வாங்கினதுக்கே எனக்கு ஒரு வாரம் காது அடைச்சுது. நீ டெய்லி ராத்திரி போறவன்தானே, டிப்ஸ் சொல்லு. பாயிண்ட் பாயிண்டா சொல்லு. கதை அளக்காத."

நீ டெய்லி ராத்திரி போறவன்தானே. அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் கடையில் ஒரு போட்டோ எடுத்தார்கள். கருப்பு ரப்பர் உடை, முதுகில் டேங்க், கையில் பெரிய டார்ச். பின்னால் சாயங்காலக் கடல். அதை வீட்டுக்கு அனுப்பினேன். "என்னடா, கருப்பா ஆயிட்டே, சட்டை இல்லையா?" என்று அம்மா கேட்டாள். அக்கா விளக்கிச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் நான் கடலுக்கு அடியில் போகிறவன். ஷவருக்கு அடியில் ரொம்ப நேரம் நிற்காதே, சளி பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, கேட்டவர்களிடமெல்லாம் என் மகன் ராத்திரியில்கூட இறங்குவான் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

நானும் பயிற்சி முடித்தவன்தான். பகலில் பதினோரு முறை இறங்கியிருக்கிறேன். இரவில் ஒரு முறைகூட இல்லை. இரவில் என் வேலை படகின் மேல்தட்டில். இறங்கப் போகிறவர்களின் பெயர்களை வெள்ளைப் பலகையில் எழுதுவேன். ஒவ்வொரு டேங்கின் தலையிலும் ஒரு க்ளோ ஸ்டிக் கட்டுவேன். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி அது. வளைத்து ஒடித்தால் பச்சையாக எரியும், நாலு மணி நேரம் அணையாது. அவர்கள் இறங்கியதும் தண்ணீருக்குள் நகரும் பச்சைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஏறியதும் மறுபடி எண்ணுவேன், துண்டு கொடுப்பேன். அவ்வளவுதான்.

காயவைக்கும் அறைக்குப் போனேன். வேறு எங்கே பேசினாலும் டேங்குகளுக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரின் சத்தம் என் குரலை விழுங்கிவிடும். அந்த அறையில் நாற்பது ரப்பர் உடைகள் வரிசையாகத் தொங்கும். தலை இல்லாத நாற்பது பேர் நிற்பது மாதிரி இருக்கும். நடுவில் புகுந்து நின்றுகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த கடையின் விதிப்பலகையைப் பார்த்தேன்.

"அக்கா, எழுதிக்கோ. டார்ச் ரெண்டு வேணும், ஒண்ணு போனா இன்னொண்ணு. ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது. எதிர்ல இருக்கவங்க மூஞ்சில லைட் அடிக்கக் கூடாது, கை சைகை காட்டணும்னா உன் கைமேல அடிச்சுக் காட்டு. டார்ச்சால பெரிய வட்டம் போட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். பக்கவாட்டுல வேகமா ஆட்டினா உதவி வேணும்னு அர்த்தம். ஜோடியைக் காணோம்னா ஒரு நிமிஷம் சுத்தித் தேடு. கிடைக்கலைன்னா மெதுவா மேல வந்துடு. அவ்வளவுதான்."

பலகையில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டேன். அக்கா உடனே பார்த்தாள். கட்டைவிரல் ஒன்று அனுப்பினாள். பிறகு கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே இருந்தாள், நிறுத்தினாள், மறுபடி எழுதினாள். கடைசியில் வந்தது ஒரே வரி.

"பயமா இருக்குமாடா?"

பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அதற்கு அதில் பதில் இல்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று மூக்கால் அழுத்தி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். இதுவரை என் பொய்யால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. போட்டோவைப் பார்த்து அம்மா பெருமைப்பட்டாள், அத்தோடு சரி. இப்போது அந்தப் பொய்யை நம்பி அக்கா இருட்டுத் தண்ணீரில் குதிக்கப் போகிறாள். அவள் கூட்டத்திலேயே யார் கையையாவது பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள்; லிப்டில் கரெண்ட் போனதற்கே மாமாவின் சட்டைக் கையைக் கிழித்தவள்.

அலசி முடித்துவிட்டுப் போய் மாஸ்டரிடம் கேட்டேன். எங்கள் தலைமை வழிகாட்டியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ரசீது மேசையில் காலை நீட்டிக்கொண்டு முகமூடிப் பட்டை ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இன்னைக்கு ராத்திரி நானும் இறங்கட்டுமா?"

"என்ன டேங்கு, திடீர்னு?"

என்னை இங்கே எல்லோரும் டேங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். டேங்க் தூக்குகிறவன் என்பதால் அல்ல. முதல் நாள் ஒரு டேங்கை நான் தூக்கியபோது, எது டேங்க் எது ஆள் என்று தெரியவில்லை, டேங்குதான் குண்டாக இருக்கிறது என்று படகு ஓட்டும் டிரைவர் அண்ணன் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

"சும்மாதான் மாஸ்டர். ஒரு தடவை பாக்கணும்."

"ரெண்டு வருஷமா கூப்பிடுறேன், தலைவலி, பல்வலி, வயித்துவலின்னு உடம்புல ஒரு இடம் விடாம சொல்லிட்டே. இன்னைக்கு எல்லா வலியும் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அவர் பட்டையைக் கீழே வைத்தார். "சரி, நல்லதாப் போச்சு. இன்னைக்கு ஏழு பேரு. மூணு ஜோடி, ஒருத்தங்க தனியா வந்திருக்காங்க. நீ அவங்களுக்கு ஜோடி. பல் டாக்டராம். ஏதாவது சொத்தை இருந்தா காட்டிக்கோ."

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே படகை எடுத்தோம். இரவு டைவ் என்றாலும் சூரியன் விழுகிற நேரத்தில் இறங்குவதுதான் வழக்கம். கண்ணும் மனமும் இருட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். கருவிகளையும் பகல் வெளிச்சத்திலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று கை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"தம்பி, நீங்கதான் என் ஜோடியா? எத்தனை தடவை ராத்திரில இறங்கியிருக்கீங்க?"

"இதான் முதல் தடவை மேடம்."

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

"எனக்கு இது நாலாவது. அப்ப நான்தான் சீனியர். என் கிளினிக்ல வர்றவங்களும் இப்படித்தான், வாயைத் திறந்ததும் உண்மையெல்லாம் கொட்டிடுவாங்க. வாயில கையை விட்டா போதும்."

"ஏன் மேடம் தனியா வந்தீங்க?"

"கூட வர ஆளில்லாம இல்ல தம்பி. கூட வர்ற ஆளு யாரும் பேசாம இருக்க மாட்டாங்க. தண்ணிக்குள்ள போனா நாப்பது நிமிஷம் யாரும் வாயைத் திறக்க முடியாது பாருங்க. பல் டாக்டருக்கு அதுதான் லீவு."

படகு நின்றதும் நான் வழக்கம்போல வேலையைத் தொடங்கினேன். பலகையில் பெயர்களை எழுதினேன். ஏழு பேர், மாஸ்டரோடு எட்டு. பெட்டியிலிருந்து எட்டு குச்சிகளை எடுத்து ஒடித்தேன், எட்டு டேங்குகளின் தலையிலும் கட்டினேன். எட்டும் பச்சை. மாற்று டார்ச்சுகளை எல்லோருக்கும் ஒன்று ஒன்றாகக் கொடுத்தேன். ஒரு வாடிக்கையாளரின் மிதவை ஜாக்கெட்டில் விசில் இல்லை. வேலையாட்களுக்கென்று வைத்திருக்கிற ஜாக்கெட்டிலிருந்து விசிலைக் கழற்றி அவருடையதில் மாட்டினேன். எல்லாம் கை தானாகச் செய்தது. பிறகு அந்த ஜாக்கெட்டையே இன்னொரு டேங்கோடு மாட்டிக்கொண்டு, பெட்டியில் மிச்சமிருந்த ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, டாக்டருக்குப் பின்னால் குதித்தேன்.

முதல் அரை மணி நேரம் நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கயிற்றின் அடியில் மாஸ்டர் ஒரு விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். இரவில் கடலுக்குள் உலகம் டார்ச் வெளிச்சத்தின் அளவுதான். ஒரு தட்டு அளவு. அந்தத் தட்டுக்குள் பாறை வந்தது, பாறை இடுக்கில் படுத்துத் தூங்கும் மீன் வந்தது. கண் திறந்தபடியே தூங்கியது. டாக்டர் என் பக்கம் திரும்பித் தன் கைமேல் வெளிச்சம் அடித்து, அந்த மீனின் பல்லைச் சுட்டிக் காட்டினார். வாயில் மூச்சு விடும் ரெகுலேட்டர் இருக்கும்போது சிரித்தால் தண்ணீர் புகும். எனக்குக் கொஞ்சம் புகுந்தது.

அவர் முன்னால் போனார், நான் அவருடைய பச்சையைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு பாறையைச் சுற்றி வளைந்தோம். என் முகமூடி பனி பிடித்த மாதிரி இருந்தது. நின்று, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியே தள்ளினேன். நிமிர்ந்தபோது பச்சை கொஞ்சம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வேகமாகத் துடுப்புக் காலை அடித்துப் பின்தொடர்ந்தேன். நெருங்கியதும் அது திரும்பியது. பெரிய தொப்பையோடு ஒரு ஆள். என் மேல் வெளிச்சம் பட்டதும் பெரிதாக வட்டம் போட்டுக் காட்டினார், நல்லா இருக்கேன் என்று. நானும் வட்டம் போட்டேன். வேறென்ன செய்வது? அவருடைய ஜோடி வந்து அவர் தோளைத் தட்டினார், இருவரும் போய்விட்டார்கள்.

எட்டும் பச்சை. இரண்டு வருடமாக நான்தான் கட்டுகிறேன். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் மேலிருந்து எண்ணத்தான் முடியும், கீழே யார் யார் என்று சொல்ல முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்த வழியே போனேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். டாக்டர் இல்லை. டார்ச்சை நெஞ்சோடு அழுத்தி வெளிச்சத்தை மறைத்தேன். அப்படிச் செய்தால் கண் இருட்டுக்குப் பழகி மற்றவர்களின் வெளிச்சம் தெரியும் என்று மாஸ்டர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை நூறு முறை கேட்டிருக்கிறேன். சுற்றிலும் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை. மேல் எது கீழ் எது என்றுகூடத் தெரியவில்லை. கையை ஆட்டினேன். விரல்களைச் சுற்றிப் பொடிப் பொடியாக நீல வெளிச்சம் எழுந்து அணைந்தது. ஏதோ நுண்ணுயிர்கள், தொட்டால் மினுங்குமாம். மறுபடி ஆட்டினேன். என் கையை நானே வரைந்து அழிப்பது மாதிரி இருந்தது. அதை யாருக்காவது காட்ட வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் மேலே வா. மத்தியானம் நானே அக்காவுக்கு வாசித்த விதி அது. ஆனால் நான் மேலே போகவில்லை. அவர் வாடிக்கையாளர், நான் கடை ஆள், விட்டுவிட்டுப் போனால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்துக்குப் பதில் நான்கு நிமிடம் தேடினேன். தேடினேன் என்றும் சொல்ல முடியாது. அங்கேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தேன், நீரோட்டம் என்னை மெதுவாக எடுத்துக்கொண்டு போனது. காற்று அளவைப் பார்த்தேன். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு நிறைய தீர்த்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ஏறினேன்.

பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை. என் சின்னக் குமிழிகளைவிட மெதுவாக ஏற வேண்டும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சேர்ந்த வாயு வம்பு செய்யும். நின்றேன். கீழே இருட்டு, மேலே இருட்டு, நடுவில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். நூற்று எண்பது வரை எண்ணினேன். எண்ண மட்டும் எனக்கு நன்றாக வரும். நூற்று இருபதில் அக்காவின் கேள்வி ஞாபகம் வந்தது, எண்ணிக்கை தப்பியது, நூற்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

மேலே வந்தபோது படகு தூரத்தில் இருந்தது. கல்யாண மண்டபம் மாதிரி எல்லா விளக்கும் எரிந்தது. ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி மிதந்தேன். மேல்தட்டில் ஆட்கள் துண்டு போர்த்திக்கொண்டு நடமாடுவது தெரிந்தது. டார்ச்சைத் தூக்கி ஆட்டினேன். அது மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் மிச்சமிருந்த டார்ச் ஏன் மிச்சமிருந்தது என்று எனக்குத்தான் தெரிய வேண்டும்; சார்ஜ் நிற்காது என்று ஒதுக்கி வைத்ததே நான்தான். மாற்று டார்ச்சைத் தேடி இடுப்பைத் தடவினேன். எல்லோருக்கும் கொடுத்த நான் எனக்கு எடுக்கவில்லை. விசிலைத் தேடி நெஞ்சைத் தடவினேன். கழற்றியது என் கைதான். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு டேங்கின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். குச்சியும் இல்லை.

எட்டுப் பெயர் எழுதி, எட்டுக் குச்சி கட்டியிருக்கிறேன். தண்ணீரில் இறங்கியதோ ஒன்பது பேர்.

படகின் எஞ்சின் சத்தம் கேட்டது.

கத்தினேன். அலை வாயில் அடித்தது. மறுபடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

படகில் அப்போது நடந்ததை டிரைவர் அண்ணன் பிறகு சொன்னார். கடைசி ஜோடியில் ஒருவர் ஏறும்போதே வாந்தி எடுத்திருக்கிறார், மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வழக்கமாக நான் நிற்கும் இடத்தில் அன்று டிரைவர் அண்ணன் நின்று பலகையைப் பார்த்து எண்ணியிருக்கிறார். எட்டுப் பெயர், எட்டுத் தலை. எட்டும் ஏறியாச்சு என்று குரல் கொடுத்துவிட்டு எஞ்சினைப் போட்டிருக்கிறார். டாக்டர் ஒரு நிமிடம் தேடிவிட்டு, மற்றவர்களோடு கயிற்றில் ஏறி வந்தவர். கடை ஆள்தானே, முன்னாலேயே ஏறியிருப்பான் என்று நினைத்து என்னைத் தேடியிருக்கிறார்.

"என் ஜோடி எங்க?"

"யாரும்மா?"

"ஒல்லியா ஒரு தம்பி."

"டேங்கா? இங்கதான் எங்கயாவது துண்டு எடுத்துட்டு இருப்பான்மா. எட்டும் சரியா இருக்கு."

"எட்டு இருக்கட்டும். என் ஜோடி இல்ல."

"மேடம், அவன் எண்ணுற ஆளு. எண்ணிக்கையில வர மாட்டான்."

இதைச் சொல்லிவிட்டுத்தான் டிரைவர் அண்ணனுக்கே தூக்கிவாரிப் போட்டதாம். மாஸ்டர் வாந்தி எடுத்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாராம். எல்லா டார்ச்சையும் எடுத்துத் தண்ணீர் மேல் அடித்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை. அப்போது டாக்டர்தான் சொல்லியிருக்கிறார்.

"முதல்ல எல்லா லைட்டையும் அணைங்க. எஞ்சினையும் நிறுத்துங்க. இவ்வளவு வெளிச்சத்துல நின்னுக்கிட்டு இருட்டைத் தேடினா எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம், திடீரென்று சத்தம் நின்றது, படகு மொத்தமாக மறைந்துபோனது. போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். டார்ச்சை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். மாம்பழ நிறத்தில் ஒரு துளிதான் எரிந்தது. அந்த இருட்டில் அது போதுமாக இருந்திருக்கிறது.

"அங்க! அங்க!" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

ஏறியதும் மாஸ்டர் என் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவருடைய கம்பளித் தொப்பியைக் கழற்றி அதே தலையில் மாட்டினார். டாக்டர் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம் தம்பி. நான் தேடினேன், காணோம், மேல வந்துட்டேன். நீங்க ஏன் வரல?"

"உங்களை விட்டுட்டு எப்படி மேடம்..."

"நான் இங்க துண்டு போத்திட்டு உக்காந்திருந்தேன். நீங்க அங்க எனக்குக் காவலா?"

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். கரைக்கு வரும்வரை மாஸ்டரும் அதற்குமேல் திட்டவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரக் கையால் ஓரத்தைத் தேய்த்தபடி அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "உன் பேரு எங்கன்னு நானாவது உன்னைக் கேட்டிருக்கணும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. என் அறையில் இன்னொருவன் இருக்கிறான், ஆஸ்பத்திரியில் இரவுக் காவல். நான் வரும்போது அவன் போயிருப்பான், அவன் வரும்போது நான் போயிருப்பேன். வெந்நீர்க் கெட்டில் சூடாக இருந்தால் அவன் இப்போதுதான் போயிருக்கிறான் என்று அர்த்தம். மாதக்கணக்கில் அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அன்றைக்கு எனக்கு ஒரு கெட்டிலின் சூடு போதாது. காயவைக்கும் அறைக்கே போனேன். உடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மைக்கை அழுத்தினேன்.

"அக்கா, மத்தியானம் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அது சுவத்துல எழுதியிருந்தது, நான் வாசிச்சேன். நான் ராத்திரில ஒரு தடவைகூட இறங்கினது இல்லக்கா. இன்னைக்குத்தான் முதல் தடவை. அந்த போட்டோ சும்மா கடையில எடுத்தது. அம்மாகிட்ட இப்ப சொல்லாத, நானே சொல்றேன். நீ கேட்டியே, பயமா இருக்குமான்னு. இருக்கும். ரொம்ப இருக்கும். தண்ணிக்குள்ள இல்ல, தனியா ஆயிட்டா. அதனால நான் சொல்றதைக் கேளு. அந்த இடத்தை பகல்ல ஒரு தடவை இறங்கிப் பாத்துட்டு ராத்திரி போங்க, முடியாதுன்னு சொன்னா நீ போகாத, மாமா கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாரு. உன் டேங்க்ல லைட் கட்டியிருக்கான்னு மாமாவைப் பாக்கச் சொல்லு, மாமாவோடதை நீ பாரு. உங்க ரெண்டு பேருக்கும் வேற கலர் கேளு. டார்ச்சை எரிய விட்டுப் பாத்து வாங்கு, விசில் இருக்கான்னு ஊதிப் பாரு. படகுல எண்ணுறவன் யாருன்னு கேட்டு அவன்கிட்ட உன் மூஞ்சியைக் காட்டு. அவன் வேலையில இருப்பான், உன்னைப் பாக்க மாட்டான், நீயா போய் நில்லு. மாமாவைக் காணோம்னா ஒரே நிமிஷம்தான். அதுக்கு மேல பாசம் காட்டாத, மேல வந்துடு, அவரும் வந்துடுவாரு. ஏறினதும் குளிரும், கம்பளித் தொப்பி எடுத்துட்டுப் போ. அப்புறம்... கையை ஆட்டிப் பாரு. டார்ச்சை நெஞ்சுல மறைச்சுட்டு கையை ஆட்டினா மினுமினுன்னு வரும். மாமாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஆட்டிப் பாரு. நான் தனியாத்தான் பாத்தேன். ஏறினதும் மெசேஜ் போடு."

அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அக்கா தூங்கியிருப்பாள். உடைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதை எண்ண ஆரம்பித்து, நிறுத்தினேன்.

காலையில் பதில் வந்திருந்தது.

"அறிவு கெட்டவனே. உன்னை யாரு இறங்கச் சொன்னா? என்னைக் கேட்டியா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உன்னைத் தின்னுருவேனா? நாங்க பகல்லயே போய் ஒரு தடவை பாத்துட்டு வர்றோம். மாமா ஒத்துக்கிட்டாரு. நீ இன்னைக்கு இறங்காத. நான் ஏறி வர்ற வரைக்கும் நீ இறங்காத."

அன்று சாயங்காலம் நான் இறங்கவில்லை. மேல்தட்டில் என் இடத்திலேயே நின்றேன். பெட்டியின் அடியில் பிரிக்காமல் கிடந்த நீலம், மஞ்சள், சிவப்பு குச்சிகளை எடுத்து, ஜோடிக்கு ஒரு நிறமாகக் கட்டினேன். மாஸ்டருக்கு மட்டும் பச்சை. பலகையில் ஏழு பெயர் எழுதினேன். கீழே டிரைவர் அண்ணனின் பெயர். அதற்கும் கீழே என் பெயர். டேங்கு என்று எழுதவில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கிற முழுப் பெயரையும் எழுதினேன்.

டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "தண்ணில இறங்காதவன் பேரெல்லாம் எதுக்குடா?"

"படகுல இருக்கோம்லண்ணே."

"அது சரி. உனக்கு இவ்வளவு நீளமா பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாது." பலகையை வாங்கி இன்னொரு முறை வாசித்தார். அவருடைய பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தது. விரலால் அழித்துத் திருத்தினார்.

எல்லோரும் இறங்கினார்கள். அக்கா போயிருக்கிற ஊரில் எங்களுக்கு முன்னாலேயே இருட்டிவிடும்; அவள் ஏறி வரும் நேரம் தாண்டியிருந்தது. போன் உறைக்குள் கிடந்தது, எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் பார்க்காத ஒரு நேரத்தில் அது அதிர்ந்தது. பூட்டிய திரையில் பாதி வரி மட்டும் தெரிந்தது.

"ஏறிட்டோம்டா. பயமாதான் இருந்துச்சு, ஆனா கையை ஆட்டினப்ப..."

தொட்டேன். திறக்கவில்லை. சட்டையில் துடைத்துத் தொட்டேன். சட்டையும் ஈரம். மூக்கால் அழுத்தினேன், அலைத் தூறலில் அதுவும் நனைந்திருந்தது. கையைக் காற்றில் நீட்டிக் காயவிட்டேன். காயும்வரை தண்ணீருக்குள் பார்த்தேன். நீலம் இரண்டு, மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு, ஒரு பச்சை. டிரைவர் அண்ணன். நான்.